பன்னிரண்டு தட்டு, எண்பது பொட்டலம்

எங்கள் அண்ணன் தணிகைவேலுக்குக் கம்பெனியில் சைக்கிள் கொடுத்தார்கள், பெல் கொடுக்கவில்லை. அதனால் அவன் வழி நெடுக வாயாலேயே "ட்ரிங் ட்ரிங்" என்று சொல்லிக்கொண்டு போகிறான் என்று நான் ஒரு கதை கட்டிவிட்டேன். சுத்தப் பொய். ஆனால் ஒரு மாதத்துக்குள் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் எந்தக் குப்பத்துக்குள் அவன் நுழைந்தாலும் பிள்ளைகள் "ட்ரிங் ட்ரிங்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடின. பிறகு அவனுக்கு நிஜமாகவே பெல் தேவைப்படவில்லை.

கம்பெனியின் பெயர் நீலதாரா. நைலான் வலை விற்கிற கம்பெனி. டிப்போ செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், முன்பு அரிசி மண்டியாக இருந்த ஒரு கட்டடத்தில் இருந்தது. அதுவரை எங்கள் பக்கத்தில் பருத்தி வலைதான். தினமும் காயப்போட வேண்டும், மாதம் ஒருமுறை சாயத்தில் முக்க வேண்டும், அப்படியெல்லாம் சீராட்டினாலும் ஒரு வருஷத்தில் அழுகிவிடும். நைலான் அழுகாது. அதைச் சொல்லத்தான் அண்ணனுக்குச் சம்பளம். "ஃபீல்டு அசிஸ்டென்ட்" என்று அதற்குப் பெயர். ஆறு மாதம் தற்காலிகம். அப்புறம் பிடித்தால் பர்மனென்ட் லெட்டர், பிடிக்காவிட்டால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டியது.

எங்கள் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் ஆள் அவன்தான். பத்து வயதில் செங்கல்பட்டு ஹாஸ்டலுக்குப் போனான். லீவுக்கு வருவான், விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவான். எங்கள் வீட்டில் இருந்த படிப்பையெல்லாம் அவனே எடுத்துக்கொண்டான். எனக்கு ஏழாவது வரைக்கும்தான் மிச்சம் இருந்தது. பாஸ் செய்துவிட்டு ஐந்து வருஷம் வேலைக்கு அலைந்தான். கல்பாக்கத்தில் அணு நிலையம் கட்டுகிற இடத்தில் சிமெண்டு மூட்டை எண்ணினான். அதுவும் போயிற்று. இருபத்து மூன்று வயதில் கிடைத்தது இந்த நீலதாரா. இதை விட்டால் அப்பாவோடு கட்டுமரத்தில் ஏற வேண்டியதுதான். அவனுக்குத் துடுப்பு பிடிக்கத் தெரியாது. ஹாஸ்டலில் அதைச் சொல்லித் தரவில்லை.

1974-ஆம் வருஷம் தை மாதம் ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் பயமும் பெருமையும் ஒன்றாக இருந்தன. பரீட்சை ரிசல்ட் அன்றைக்கு இருந்த முகம்.

"இன்னாண்ணா, லெட்டர் வந்துச்சா?" என்றேன்.

"லெட்டர் இல்ல. அதவிடப் பெரிசு. பம்பாயிலேர்ந்து பெரிய ஆபீஸரு வர்றாரு. கஸ்டமர் மீட்டாம். மகாபலிபுரத்துல. எல்லாம் நான்தான் செய்யணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"மீட்டுன்னா?"

"கூட்டம். கம்பெனி நடத்துற விசேசம்."

மேனேஜர் முத்துசாமி சார் அவனிடம் சொன்னதை, அவர் குரலிலேயே அவன் சொல்லிக் காட்டினான். பிறகு நான் அதைவிட நன்றாகச் சொல்லிக் காட்டினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் அப்படியே வரும்: "தணிகைவேல், அறுபது போட் ஓனர்ஸ் வேணும். ஐம்பத்தொன்பதும் வேணாம், அறுபத்தொண்ணும் வேணாம். இது சக்ஸஸ் ஆச்சுன்னா உன் லெட்டர்ல நானே கையெழுத்துப் போடுவேன்."

எங்கள் அம்மா ஆதியம்மாள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஆவலன்னா?"

அண்ணன் தாளை எடுத்து விரித்தான்.

சட்டைப் பையில் இருந்தது பம்பாயிலிருந்து வந்த தாள். கூட்டம் நடத்துவது எப்படி என்று இங்கிலீஷில் பதினான்கு நம்பர் போட்டு எழுதியிருந்தது. அவன் இதற்கு முன்னால் நடத்தின ஒரே விசேஷம், ஹாஸ்டலில் வார்டனுக்கு வழியனுப்பு விழா. அதிலும் இவன் பிஸ்கட் பிரித்துத் தட்டில் வைத்ததுதான். அதனால் தாளை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தான். புரியாததை டிப்போவில் டைப் அடிக்கிற மார்கரெட் அக்காவிடம் கேட்டான்.

"'வி.ஐ.பி. கம்ஃபர்ட்'னு போட்டுகீதே, அப்டின்னா இன்னாக்கா?"

"அவரு ஒண்ணுக்குப் போவ எடம் கீதான்னு கேக்கறாங்க தம்பி."

அவ்வளவுதான். மகாபலிபுரம் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் பந்தல் கால் நடுவதற்கு முன்னால் அண்ணன் கட்டினது பம்பாய்க்காரருக்கு ஓலைத் தட்டி வைத்த ஒரு கக்கூஸ். எங்கள் குப்பத்து ஆட்கள் அதைப் பார்க்கவே ஒரு நடை போய் வந்தார்கள். "கடல் இம்மாம் பெரிசா எதுர்ல கீது, அவருக்கு இது பத்தலயா?" என்று ஒரு பாட்டன் கேட்டாராம்.

பந்தலும் நாற்காலியும் திருக்கழுக்குன்றத்திலிருந்து. எண்பது இரும்பு நாற்காலி. மைக் செட், சந்தன மாலை, வெள்ளைக்காரர்களைக் கோயில் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிற போட்டோக்காரர் எல்லாம் பேசியாயிற்று. நைலான் கயிற்றின் பலத்தைக் காட்ட ஏதாவது கனமானதைத் தொங்கவிட வேண்டும் என்று தாளில் ஒன்பதாம் நம்பரில் இருந்தது. அண்ணன் சிற்பப் பட்டறையில் கெஞ்சி, துதிக்கை வைக்காத ஒரு கல் யானையை இரவல் வாங்கினான். சாப்பாட்டை மட்டும் முத்துசாமி சார் தன் கையில் வைத்துக்கொண்டார். அறுபது பேருக்கும் டிப்போ ஆட்களுக்குமாக எண்பது பொட்டலம், எலுமிச்சம் சாதமும் ஒரு வடையும் ஒரு லட்டும்.

வீட்டில் அவன் நன்றியுரையை ஒத்திகை பார்த்தான். கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டுதான் பேசுவான், அப்போதுதான் இங்கிலீஷ் வருகிறதாம். ஒருநாள் வலது ஷூவுக்குள் ஒரு குழி நண்டை விட்டுவைத்தேன். "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பித்தவன் அதற்குமேல் சொன்னது எதுவும் பம்பாய்த் தாளில் இல்லாதது. அன்றைக்கு நான் வாங்கின குட்டு இன்னும் தலையில் இருக்கிறது. அந்த ஷூவுக்குத் தினமும் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து வைத்தது யார் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வினை அழைப்பிதழில் வந்தது. செங்கல்பட்டில் அச்சடித்த அறுபது கார்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை மார்கரெட் அக்கா டைப் அடித்திருந்தாள். அம்மா ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது? ஆளுக்கு ஒரு காயிதமா?"

"ஆமாம்மா. பேரு போட்டு அனுப்பறதுதான் மருவாதி."

"ஒரு ஊர்ல அஞ்சு பேரு பேரப் போட்டு அனுப்பனா, பேரு இல்லாதவன் இன்னா கடல்ல பூட்டானா? நாட்டார கேக்காம எவன்டா வருவான்? வந்தா அவன ஊரு உட்ருமா?"

எங்கள் பக்கத்துக் குப்பங்களில் தனி ஆளை யாரும் எதற்கும் அழைப்பதில்லை. கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் ஊர்த் தலைவர், அவரை நாட்டார் என்போம், அவர் முன்னால் தாம்பூலத் தட்டு வைக்க வேண்டும். அவர் தட்டை எடுத்தால் ஊர் வரும். எடுக்காவிட்டால் ஒரு குஞ்சு வராது. பத்து வயதில் ஹாஸ்டலுக்குப் போனவனுக்கு இது தெரியும், கேள்விப்பட்ட மட்டுக்கும். அவன் முத்துசாமி சாரிடம் போய்ச் சொன்னான். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "கார்டோ தட்டோ, எனக்கு அறுபது பேர் வரணும். எப்படின்னு நீ பாத்துக்கோ" என்றாராம்.

அவன் பார்த்துக்கொண்டான். அறுபதைப் பன்னிரண்டால் வகுத்தான். பன்னிரண்டு குப்பம், குப்பத்துக்கு ஐந்து பேர். சைக்கிள் ஹேண்டிலில் பை மாட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு பன்னிரண்டு நாட்டார்களையும் நான்கு நாளில் பார்த்தான். எல்லோரிடமும் "ஊருக்கு அஞ்சு பேரா வரணும்" என்று ஒழுங்காகத்தான் சொன்னான். கடைசியாக எங்கள் குப்பம். எங்கள் நாட்டார் சிங்காரம் மாமா அம்மன் கோயில் எதிரில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தட்டை வைத்தான்.

"ஊருக்கு அஞ்சு பேரு மாமா. கம்பெனி அப்டி சொல்லிகீது."

சிங்காரம் மாமா தட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சிரித்தார். "அஞ்சு பேருக்குன்னு வெத்தலைல எழுதிகீதா? தட்டு எட்த்தா ஊரு எட்த்தாப்புல. நீ கொறச்சி சொல்றது உன் அடக்கம். நெறஞ்சி வர்றது எங்க மருவாதி. போ, போ, ஜோரா நடத்து."

"சரிங்க மாமா" என்றான் அண்ணன். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து தாளில் அழைப்புக்கான மூன்றாம் நம்பருக்கு நேராக ஒரு டிக் போட்டான்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள் அம்மா.

"வர்றேன்னாரு."

மறுநாள் அவன் செங்கல்பட்டில் இருந்த நேரத்தில் ஊர்ச் செய்தி சொல்கிற தண்டல்காரர் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போனார்: "சனிக்கெழம நம்ப தணிகை கம்பெனி விசேசம், மகாபலிபொரத்துல! ஊரு கடலுக்குப் போவாது! வூட்டுக்கு வூடு எல்லாரும் வரணும்!"

அம்மாவுக்கு அதில் விபரீதமாக ஒன்றும் தெரியவில்லை. கம்பெனி என்றால் அரண்மனைச் சமையல்கட்டு மாதிரி, எத்தனை பேர் வந்தாலும் வடித்துக்கொட்டும் என்று நினைத்தாள். எனக்குத் தெரிந்தது. எண்பது பொட்டலம் என்று அவன் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அறுபத்தொண்ணு வேண்டாம் என்ற முத்துசாமி சார் முன்னால் பன்னிரண்டு ஊர் போய் இறங்கினால் அந்த மூக்கு எப்படிக் கோணும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் ஒன்றுமே செய்யாமல் செய்த குறும்பு அது ஒன்றுதான்.

மாசி மாதச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பம்பாய்க்காரர் காரில் வந்து இறங்கினார். சிவப்பாக, நல்ல உயரமாக இருந்தார். அண்ணன் சந்தன மாலை போட்டான். அப்போது பந்தலில் இருந்தது, அண்ணனோடு விடிகாலையிலேயே வந்துவிட்ட என்னைத் தவிர, முத்துசாமி சார், மார்கரெட் அக்கா, டிப்போ ஆட்கள், எண்பது நாற்காலி, கயிற்றில் தொங்குகிற யானை. முத்துசாமி சார் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதலில் வடக்கே தெரிந்தது. கடலில் ஒரு பாய். பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை. கோவளத்துப் பக்கமிருந்து கட்டுமரங்கள் பாய் விரித்து வந்தன. தெற்கே திரும்பினால் சதுரங்கப்பட்டினத்துப் பக்கமிருந்தும் அப்படியே. கரையோரமாக நடந்து வருகிற ஊர்கள் தனி, எங்கள் குப்பத்தையும் சேர்த்து. முன்னால் நாட்டார், பின்னால் பஞ்சாயத்தார், அதற்குப் பின்னால் ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள். நல்ல துணி கட்டியிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார்கள். அறுநூறு எழுநூறு பேர் இருக்கும்.

முத்துசாமி சாரின் மூக்கு நான் நினைத்ததைவிட நன்றாகவே கோணிற்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் பம்பாய்க்காரர் இரண்டு கையையும் தூக்கி என்னவோ கத்தினார். போட்டோக்காரரைப் பிடித்துக் கடல் பக்கம் தள்ளினார். முத்துசாமி சார் தோளில் ஓங்கித் தட்டினார். அந்த நிமிஷமே முத்துசாமி சாரின் முகம் மாறிவிட்டது. எல்லாம் தான் சொல்லி வைத்தது மாதிரி தலையை ஆட்டினார்.

பன்னிரண்டு நாட்டார்களும் முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மற்ற ஜனம் மணலில் உட்கார்ந்தது. நாட்டார் உட்கார்ந்திருக்கிற இடத்தில் சரிசமமாக நாற்காலியில் உட்கார எங்களில் எவனுக்குக் கால் மடங்கும்? அறுபத்தெட்டு நாற்காலி காலியாக நின்றது, எழுநூறு பேர் தரையில் இருந்தார்கள். பம்பாய்க்காரர் அதைப் பார்த்து ஏதோ கேட்டார். "ரொம்ப சிம்பிளான ஜனங்கன்னு சொல்றாரு" என்று மார்கரெட் அக்கா எனக்குச் சொன்னாள்.

கூட்டம் அருமையாக நடந்தது, பொய் சொல்லக்கூடாது. யானை கயிற்றில் ஆடியது, நூல் ஒன்றுகூட அறவில்லை. ஆண்கள் எழுந்து வந்து வலையை இழுத்துப் பார்த்தார்கள், பல்லால் கடித்துப் பார்த்தார்கள். அண்ணன் நன்றியுரை சொன்னான். பாதி இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மீதியைத் தாளைப் பார்க்காமல், "ஊரு கடல உட்டுட்டு எனக்கோசரம் வந்துகீது, இத்த நான் மறக்க மாட்டேன்" என்று முடித்தான். விசில் பறந்தது. அப்பா மணலில் உட்கார்ந்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் மணல் விழுந்துவிட்டதாம்.

பிறகு பொட்டலக் கூடைகள் வந்தன.

அண்ணன் முத்துசாமி சார் பக்கத்தில் போய்க் குனிந்து பேசினான். நான் நாலடி தூரத்தில் இருந்தேன்.

"சார், எழுநூறு பேரு கீறாங்க சார். எதனா செய்யணும் சார். ஒரு மணி நேரம் குடுங்க."

"நான் அறுபதுதானே சொன்னேன்? நாற்காலியில இருக்கறவங்களுக்குக் குடு. மீதியை முன்னால இருக்கற வயசானவங்களுக்குக் குடு. சீன் பண்ணாதே. அவர் பாத்துக்கிட்டிருக்கார்."

அண்ணன் ஷூவோடு மணலில் ஓடினான். மகாபலிபுரம் கடைத்தெருப் பக்கம் ஓடுகிறான் என்று தெரிந்தது. அவன் போன பிறகு டிப்போ ஆட்கள் நாட்டார்கள் கையில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்கள். பிறகு மணலில் முதல் இரண்டு வரிசைக்கு. மூன்றாவது வரிசையில் கூடை காலியாகிவிட்டது. கூடைக்காரன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான், நாங்கள் நம்பமாட்டோம் என்பது போல.

ஊர் சாப்பிடாமல் நாட்டார் வாயில் பருக்கை வைக்கமாட்டார். பன்னிரண்டு பேரும் மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வாங்கினவர்களும் பிரிக்கவில்லை. பின்னால் ஒரு குழந்தை சோறு கேட்டு அழுதது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். பம்பாய்க்காரர் மட்டும் ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. தண்டல்காரர் கூவின அன்றைக்கே நான் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாங்கள் எழுநூறு பேரும் வீட்டில் கஞ்சி குடித்துவிட்டாவது வந்திருப்போம்.

சிங்காரம் மாமா எழுந்தார். பொட்டலத்தை நாற்காலி மேல் வைத்தார். மற்ற பதினொரு பேரும் அப்படியே வைத்தார்கள். எழுநூறு பேரும் எழுந்து பின்பக்க மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வந்த மாதிரியே, முன்னால் நாட்டார், பின்னால் ஊர். கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டும் கரையோரமாக நடந்தும் போய்விட்டார்கள்.

"என்ன ஒரு டிசிப்ளின், நெறைய சாப்பாடு இருந்தும் யாரும் அடிச்சிக்கலன்னு சொல்றாரு" என்றாள் மார்கரெட் அக்கா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அண்ணன் திரும்பி வந்தபோது தோளில் ஒரு வாழைத்தார், இன்னொரு கையில் பன் ரொட்டி மூட்டை. பின்னால் ஒரு கைவண்டி நிறைய இன்னும் வந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் இருந்ததையெல்லாம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறான். கடற்கரையில் அப்பாவும் அம்மாவும் நானும் மட்டும் நின்றிருந்தோம். பம்பாய்க்காரரின் கார் போய்விட்டது. தாரை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அவன் தோளிலேயே வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

"எறக்குடா நைனா" என்றாள் அம்மா. இரண்டு தடவை சொன்ன பிறகுதான் இறக்கினான்.

மறுநாள் காலை கோயில் எதிரில் பஞ்சாயத்து, பன்னிரண்டு நாட்டார்களும் வந்திருந்தார்கள். அண்ணன் துண்டைக் கையில் மடித்துக்கொண்டு நின்றான். அப்பா பக்கத்தில் நின்றார். அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"தணிகை, உன் தட்ட நம்பி பன்னண்டு ஊரு ஒருநாளு கடல உட்டுச்சு" என்றார் சிங்காரம் மாமா. "கொய்ந்தைங்க பசியோட நடந்து வந்துச்சுங்க. இன்னா சொல்ற?"

"அஞ்சு பேருன்னு சொன்னனே மாமா."

"சொன்னே. நீ நம்ப ஊட்டுப் புள்ள, அடக்கமா சொல்றேன்னு நாங்க நெனச்சோம். நெசமாவே அஞ்சு பேருக்குத்தான் சோறுன்னு எவனாவது ஒரு ஊர கூப்புடுவானா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "தோ பாரு. கம்பெனி சோத்துல கைய வச்சிச்சு, அந்த மேனேஜரு தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு. பன்னண்டு ஊரும் டிப்போவாண்ட வந்து நின்னு கேக்கும். உன்னிய உட்டுட்றோம்."

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். நானும் மனசுக்குள் கத்தினேன்: சொல்லித் தொலை. பன்னிரண்டு ஊர் டிப்போ வாசலில் நின்றால் பம்பாய் வரைக்கும் தெரியும், முத்துசாமி சாரின் சக்ஸஸ் கிழியும், அதோடு லெட்டரும் கிழியும். மாசியோடு அவனுடைய ஆறு மாதம் முடிகிறது, அதற்குப் பத்து நாள்தான் இருந்தது. அவன் அதைத்தான் நினைத்தான். எனக்குத் தெரியும், அவன் முகம் எனக்குப் புத்தகத்தைவிட நன்றாகப் படிக்க வரும்.

"கம்பெனி மேல தப்பு இல்ல மாமா" என்றான். "தட்டு வச்சது என் கை."

சிங்காரம் மாமாவுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. ஆனாலும் ஊர் வாக்கு ஊர் வாக்குதான். ஒரு வருஷத்துக்கு ஊர் அழைப்பில் எங்கள் வீடு சேராது. எந்த விசேஷத்துக்கும் எங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள், நாங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். பன்னிரண்டு குப்பத்திலும் நீலதாரா வலை வாங்கக்கூடாது.

அண்ணன் அதற்கப்புறமும் சைக்கிளில் போனான். பத்து நாளும் போனான். பிள்ளைகள்கூட "ட்ரிங் ட்ரிங்" என்று கத்தவில்லை. கடைசி நாள் டிப்போவுக்குப் போனான். முத்துசாமி சாரைச் சென்னைக்கு மாற்றிப் பெரிய பதவி கொடுத்திருந்தார்கள். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"கூட்டம் சேர்த்தே, ஒத்துக்கறேன்" என்றாராம். "ஆனா ஒரு ஆர்டர்கூட வரலையே தணிகைவேல்? பம்பாய்ல அதைத்தான் கேக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

லெட்டரில் அவர் கையெழுத்து இருந்தது. சொன்ன வாக்குத் தவறவில்லை. சேவை இனித் தேவையில்லை என்ற லெட்டர். "நான்தான் தம்பி அடிச்சேன், என்ன மன்னிச்சிரு" என்று மார்கரெட் அக்கா வாசல் வரைக்கும் வந்தாளாம். மூன்று மாதம் கழித்துக் கம்பெனிப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். முழுப் பக்கத்துக்குப் பாய் மரங்களாக ஒரு படம். கீழே முத்துசாமி சாரின் பெயர். எழுநூறு மீனவர்களை ஒரே இடத்தில் திரட்டிய சாதனை என்று போட்டிருந்ததாம். அம்மா அதில் கருவாடு மடித்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. எடுத்துக் கொடுத்தது நான்.

அண்ணன் திருக்கழுக்குன்றத்தில் நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவரிடமே வேலைக்குச் சேர்ந்தான். பந்தல் கால் எங்கே நட வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மைக் எங்கே வைத்தால் கூவாது, எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. முதலாளி அவனைப் புகழாத நாளில்லை. கடலோரத்துக் குப்பத்து வேலைகளுக்கு மட்டும் அவன் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆவணியில் சிங்காரம் மாமாவின் மகளுக்குக் கல்யாணம். பந்தல் போட முதலாளியிடம் அன்றைக்கு அண்ணனை விட்டால் வேறு ஆள் இல்லை. தண்டல்காரர் எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்து, எங்கள் வாசலில் மட்டும் வாயை மூடிக்கொண்டு, அடுத்த வாசலில் திறந்தார். அன்று சாயங்காலமே அண்ணன் வண்டியில் மூங்கிலோடு வந்து இறங்கினான். அழைப்பில்லாத வீட்டுப் பிள்ளை, கூலிக்குப் பந்தல் போட வந்திருக்கிறான். ஊர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது.

கல்யாணத்தன்று நான் எங்கள் வேலிப்படல் பக்கத்தில் நின்று பார்த்தேன். பந்தி ஆரம்பிப்பதற்கு முன்னால் அண்ணன் பந்தலின் ஒரு மூலையில் நின்றுகொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். வேண்டிக்கொள்கிறான் என்று நினைத்தேன். இல்லை, தலை எண்ணுகிறான். எண்ணி முடித்து நேரே சமையல்காரரிடம் போனான். என்னவோ சொன்னான். அவர் இன்னொரு பானை உலையில் ஏற்றினார்.

கடைசிப் பந்தி எழுந்த பிறகு சிங்காரம் மாமா அவனிடம் வந்தார். தோளில் புதுத் துண்டு. என்ன பேசுவது என்று தெரியாமல் மூங்கிலைத் தொட்டுப் பார்த்தார்.

"துன்னியாடா?"

"நான் பந்தல் ஆளு மாமா. போற வழியில கடையில பாத்துக்குவேன்."

"வருசம் முடிய இன்னும் ஆறு மாசந்தான் கீது" என்றார் அவர். சமாதானமாகச் சொன்னாரா, கண்டிப்பாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்காது.

அண்ணன் நாற்காலிகளை மடித்து அடுக்கிக் கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனான். அவனைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தணிகைவேல், எத்தனை பேர் வந்தாங்க?" என்று முத்துசாமி சார் குரலில் கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை.

"நானூத்திப் பன்னண்டு பேரு" என்றான். "கொய்ந்தைங்களையும் சேத்து. எல்லாரும் சாப்டாங்க."